மாடு மறுத்த பக்கம்

பிப்ரவரி 7

வாயாடிக்கு,

தீவைச் சுற்றிப் பார்க்க நீ அனுப்பிய விருந்தாளிகள் மாட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படகேறுவதற்குள் இதை எழுதிப் படகோட்டி மீசைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த சனிக்கிழமைதான். புயலில் சாய்ந்த போன் கம்பத்தை நிமிர்த்த இன்னும் ஒருவரும் வந்தபாடில்லை.

நீ சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் நடக்கிறது. படகு முனையைத் திரும்பியதும் மீசைக்காரர் படகின் ஊதலை அழுத்தி ஊதுகிறார். ஊதல் கேட்டதும் நானும் உன் அண்ணியும் மாடுகளைப் புதுக் களத்தில் ஏற்றிவிடுகிறோம். கடலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மேட்டு விளிம்பில் மாடுகள் கதிர் மிதித்துச் சுற்றுவதும், உன் அண்ணி முறத்தைத் தூக்கித் தூற்றுவதும் தெரிய வேண்டுமாம். தெரிகிறது. அவர்கள் கூச்சல் போடுவது எனக்கே கேட்கிறது. கரைக்கு வந்த பிறகு ஏற்றம் இறைக்கிறார்கள், கலப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். இன்றைக்கு ஒருவர் கலப்பையைக் காட்டி, "இது இப்பவும் ஓடுமா?" என்று கேட்டார். "இழுத்தா ஓடும்" என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எழுத வந்தது வேறு. மாடுகளில் மொட்டையன் மட்டும் களத்தில் கடல் பக்கம் போக மறுக்கிறான். மூன்று பக்கமும் ஒழுங்காகச் சுற்றுகிறான். விளிம்பு வந்ததும் காலை ஊன்றி நின்றுகொள்கிறான். அவனோடு பிணைத்திருக்கும் செவலை பாவம், கழுத்து திருகி நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். மூக்கைக் கீழே வைத்து மண்ணை மோந்துவிட்டுப் பின்னால் வருகிறான். கன்றாக இருந்தபோதே நான் பழக்கியவன். அடம் பிடிக்கும் சாதி இல்லை அவன்.

வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்ட களம் சும்மாதான் கிடக்கிறது. வேடிக்கையை அங்கே மாற்றிக்கொள்ளலாமா? கடல் தெரியாதுதான். மாடாவது ஒழுங்காகச் சுற்றும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே உட்கார்ந்து படித்தேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

போன வருஷம் வைக்கோல் போரில் பாம்பு புகுந்துவிட்டது என்றாய். துறையில் கால் வைத்தவர்கள் அப்படியே திரும்பிப் படகில் ஏறினார்கள். ஒரு அம்மாவுக்குச் செருப்பே போயிற்று. பிறகு பார்த்தால் பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. "சும்மா ஒரு வாரம் நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன்" என்று நீயே மீசைக்காரரிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்றாய். இப்போது மாடு மண்ணை மோந்து பார்க்கிறதாம். என் காதில் பூ சுற்றுவதை எப்போதுதான் நிறுத்துவாய்?

உனக்கு இந்தப் பயணங்கள் பிடிக்கவில்லை. தெரியும். நம் வேலையை நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது உனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதுவும் தெரியும். ஆனால் சர்க்கார் படகை நிறுத்தியபோது யார் வந்தார்கள் உனக்கு? பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டிக்கொண்டு போனார்களே, நீ ஏன் போகாமல் இருக்கிறாய்? இந்தப் படகு வருவதால். மண்ணெண்ணெயும் மருந்தும் உப்பும் இந்தப் படகில் வருவதால். விருந்தாளி இல்லையென்றால் படகு இல்லை. படகு இல்லையென்றால் அந்தத் தீவில் நீயும் அண்ணியும் கோழிகளும்தான்.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாயா? போன தடவை வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். முறம் பிடிக்க எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தாளாம், பாட்டுப் பாடினாளாம். நம் அண்ணியா! கல்யாணமாகி வந்ததிலிருந்து கோழியிடம் மட்டுமே முகம் கொடுத்துப் பேசிய அண்ணி!

பின்களத்திலிருந்து கொட்டகைச் சுவர்தான் தெரியும். சுவரைப் பார்க்க யாரும் கடல் தாண்டி வர மாட்டார்கள். மொட்டையனை நீதான் சரிக்கட்ட வேண்டும்.

தங்கை


பிப்ரவரி 20

வாயாடிக்கு,

பாம்பு விஷயம் பொய்தான். கிணறும் பொய்தான். அதனால் இதுவும் பொய் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், என் மனசு கேட்கவில்லை.

அப்பா காலத்தில் களம் எப்படித் தயாராகும் என்று உனக்கு நினைவிருக்கும். அறுப்புக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தண்ணீர் தெளித்து, செம்மண் குழைத்துப் பூசி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவோம். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அதோடு அடுத்த வருஷம்தான். இப்போது அப்படியா? வருகிறவர்களுக்குக் களம் புதிதாக, பளபளவென்று இருக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் விடியும் முன் தண்ணீர் ஊற்றிப் பூசி இடிக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியதை வாரத்துக்கு ஒரு தடவை செய்கிறோம், அதுவும் விளிம்பில்.

முதலில் ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கும்; வெயில் ஏறினால்தான் வற்றும். இப்போது ஊற்றிய கையோடு காணாமல் போகிறது. எங்கே போகிறது? நேற்று அந்த இடத்தில் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்துப் பார்த்தேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "பூமி என்ன சொல்லுது?" என்று கேலி செய்தாள். இடித்துக் காட்டச் சொன்னேன். கொட்டகைப் பக்கம் இடித்தால் மண்ணை இடிக்கும் சத்தம். கடல் பக்கம் இடித்தால் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். அவள் சிரிப்பு நின்றது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "புதுக் களம், இன்னும் இறுகல, அவ்வளவுதான்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

 நீ ஒருமுறை நேரில் வா. வந்து உன் காலால் மிதித்துப் பார். அதற்குப் பிறகு என்னைப் பொய்யன் என்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

கூப்பிட்டாய், வந்தேன். சனிக்கிழமை முழுவதும் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். வழியனுப்பத் துறைக்குக்கூட வரவில்லை. சரி, எழுத்திலாவது பேசுவோம்.

களத்தில் நின்றேன், நடந்தேன், குதித்துக்கூடப் பார்த்தேன். நீதான் "குதிக்காதே" என்று கத்தினாய். விருந்தாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. உன் மொட்டையனும் நடந்தான். நீ அதட்டினால் நிற்கிறான். அண்ணி அவனுக்கும் கடலுக்கும் நடுவில் தான் நின்றுகொண்டு ஒரு பிடி பச்சைப் புல்லைக் காட்டினாள், ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே போனான். மாட்டுக்குப் பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதே. வரும்போது படகில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மேட்டுக்குக் கீழே கடலில் சிவப்பாக ஒரு பட்டை, நாடா மாதிரி நீண்டு கிடந்தது. காற்றே இல்லாத நாள், பச்சைத் தண்ணீரில் அந்தச் சிவப்பு அத்தனை எடுப்பாக இருந்தது. "இது என்னங்க?" என்று கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்? ஏதாவது சொல்ல வேண்டுமே! "தீவு தன்னோட முந்தானையைக் கடல்ல அலசுது" என்று எடுத்துவிட்டேன். அவ்வளவுதான், கைதட்டினார்கள். படம் எடுத்துத் தள்ளினார்கள். இனிமேல் ஒவ்வொரு பயணத்திலும் அங்கே படகைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி மீசைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பார், எல்லாவற்றிலும் நல்லதைப் பார்க்கிறவள் நான்.

14ஆம் தேதி பெரிய கூட்டம் வருகிறது. படகு கொள்ளாது, இன்னொரு படகையும் சேர்த்துக்கொண்டு வருகிறோம். அவர்கள் எல்லாரும் களத்தில் இறங்கி மாடுகளோடு சேர்ந்து மிதிக்க ஆசைப்படுகிறார்கள். அண்ணிக்கும் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், ஒரு புதுச் சேலையும். களம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அவள் பார்த்துக்கொள்வாள். நீ குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

நீ அப்படி நின்றால், அண்ணா, நிஜமாகவே சொல்கிறேன், வேறு ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைப்பேன். என்னை அந்த நிலைமைக்குத் தள்ளாதே.

தங்கை


மார்ச் 7

தங்கைக்கு,

இன்றைக்கு ஊதல் கேட்டதும் நான் மாடுகளை விளிம்புக்குக் கொண்டுபோகவில்லை. அப்பாவின் களத்தில் கட்டினேன். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு சாப்பிட்டார்கள். இதை மீசைக்காரர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணி அழுதாள். "எனக்கு இருக்கிறது இந்த ஒரு நாள். அதையும் பிடுங்கிக்கிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. உன் கடிதத்தை எனக்குக் காட்டவும் இல்லை. சேலையை மட்டும் பிரித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள். 14ஆம் தேதி களத்தை அவளே தயார் செய்யப் போவதாகச் சுவரிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.

அந்தச் சிவப்பு விஷயத்துக்கு வருகிறேன்.  நான் மேலே நிற்கிறவன். விளிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ கடலிலிருந்து பார்த்திருக்கிறாய். நீ எழுதியதைப் படித்ததும் மீன் பிடிக்கிற சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேட்டின் முகத்தில், நம் களத்துக்கு நேர் கீழே, ஆள் புகுந்து நிற்கிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள்ளிருந்து செம்மண் குழம்பு சொட்டிக்கொண்டே இருக்கிறது. மழை பெய்து மாசக்கணக்காகிறது. அது நாங்கள் ஊற்றிய தண்ணீர். மேலே பூசி இடித்ததெல்லாம் அடியில் கரைந்து கடலுக்குப் போகிறது. பொந்துக்கு மேல் இருக்கிற கூரைதான் நம் களம்.

நீ முந்தானை என்று சொன்னாயே, அது களம்தான். உன் விருந்தாளிகள் எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணைத்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதன் மேல் கூட்டத்தை ஏற்றிக் குதிக்கச் சொல்லப் போகிறாயா?

வேறு குடும்பத்தைக் கொண்டுவருவேன் என்கிறாய். கொண்டுவா. அவர்களிடமும் இதையே சொல்வேன்.

நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும், 14ஆம் தேதி படகு வரும் நேரத்துக்கு முன்னால் மாடுகளை மேற்கு வயலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். பொந்தைப் பற்றிச் சொன்னால் உன் அண்ணி காதில் வாங்க மாட்டேன் என்கிறாள்; ஆனால் மாடு இல்லாமல் வேடிக்கை காட்ட அவள் களத்தில் ஏற மாட்டாள். உன் படகு வழக்கமாக வெயில் ஏறித்தான் வரும். எனக்கு நேரம் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. மறுபடி ஒரு பாம்பு என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தைக் கசக்கி மேஜைக்குக் கீழே போட்டேன்.

நேற்றுதான் பயணிகள் அனுப்பிய படங்களைச் சுவரில் ஒட்ட எடுத்தேன். டிசம்பரில் எடுத்த படத்தில் கடல் சுத்தமாக இருக்கிறது. ஜனவரி கடைசியில் ஒரு நூல் மாதிரி சிவப்பு. பிப்ரவரியில் கயிறு மாதிரி. நான் வந்த அன்று எடுத்ததில் ஒரு சேலையின் அகலம். எல்லாப் படத்திலும் மேலே நீ நிற்கிறாய், அண்ணி நிற்கிறாள். அண்ணா, எல்லாப் படத்திலும் மொட்டையன் உள்பக்கம் திரும்பித்தான் நிற்கிறான். நான் இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மீசைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பொந்து மாசக் கணக்கா இருக்கும்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். முந்தானை என்று கதை விட்டவள் நான். அவரை என்ன சொல்ல?

14ஆம் தேதிப் பயணம் ரத்து. இனி எந்தப் பயணமும் விளிம்புக்குப் போகாது. பின்களத்தையே சுத்தம் செய்வோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், வருகிறவர்கள் வரட்டும். அதைப் பற்றியெல்லாம் பிறகு உட்கார்ந்து பேசலாம்.

நானே வர வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் அத்தனை பேரும் துறைக்கு வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லித் திருப்பி அனுப்ப நான் இங்கே இருந்தாக வேண்டும். அதனால் மீசைக்காரரைக் காலிப் படகோடு அனுப்புகிறேன். வழக்கமான நேரத்துக்கு அனுப்பினால் அதற்குள் அண்ணி களத்துக்குப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இருட்டோடு கிளம்பச் சொல்லியிருக்கிறேன், விடியும்போதே அங்கே இருப்பார். உங்கள் இரண்டு பேர் காதிலும் விழட்டும் என்று முனையிலிருந்தே ஊதச் சொல்லியிருக்கிறேன், விடாமல் ஊதச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் துறைக்கு ஓடி வந்து இதை வாங்கிப் படி.

அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வேண்டாம், நீ சொல்லாதே. அடுத்த சனிக்கிழமை வந்து நானே அவள் காலைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன். அந்தச் சேலையை அன்றைக்குக் கட்டிக்கொள்ளச் சொல்.

உன் தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

மீசைக்காரர் துறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். "என் வாயால என்னால சொல்ல முடியாதுய்யா, எழுதிக் குடு" என்கிறார். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்றே திமிசுக் கட்டையைக் கொட்டகைப் பரணில் ஒளித்து வைத்தேன். அவள் உலக்கையை எடுத்துக்கொண்டாள். பெரிய கூட்டம் என்பதால் நேற்றுச் சாயங்காலமே ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பூசியிருக்கிறாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். மாடு இல்லாமல் என்ன செய்வாள், காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் தானாக அடங்குவாள் என்று நினைத்தேன்.

விடிய ஆரம்பிக்கும்போது மேற்கு வயலில் மாடு கட்ட முளை அடிக்கப் போனேன். முளையை அடித்துவிட்டு வந்து மாடுகளை ஓட்டலாம், வெயில் ஏற இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது முளையை அடிக்கும்போது ஊதல் கேட்டது.

விடாமல் ஊதினார். நீ சொன்னபடியே ஊதினார்.

அவளுக்கும் கேட்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான், நாம் பழக்கியது. படகு சீக்கிரமே வந்துவிட்டது, விருந்தாளிகள் பார்க்கப் போகிறார்கள், களம் காலியாகக் கிடக்கிறது என்று பதறியிருக்கிறாள். சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். உன் புதுச் சேலை. நான் வயலிலிருந்து ஓடி வரும்போது தூரத்தில் அந்த நிறம்தான் தெரிந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஊதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மொட்டையன் நின்றுவிட்டான். அவள் சுற்றிக்கொண்டு அவனுக்கும் கடலுக்கும் நடுவில் போய் நின்றாள். மடியிலிருந்து புல்லை எடுத்து நீட்டினாள். கடலைத் திரும்பிப் பார்த்து, படகுக்குக் கையைக் கூட அசைத்தாள். படகில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியாது.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. களம் பாதியாகிவிட்டது, அவ்வளவுதான். செவலையும் அவளோடு போய்விட்டது. பிணைத்த கயிறு அறுந்து மொட்டையன் இந்தப் பக்கம் மண்டி போட்டுக் கிடந்தான். இப்போதும் அங்கேயே கிடக்கிறான். இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

மீசைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் கை ஊதலின் மேல்தான் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் தோணியில் போய் மத்தியானம் வரை தேடினோம். நீ சொன்ன முந்தானை மேட்டிலிருந்து முனை வரைக்கும் விரிந்து கிடக்கிறது. அதற்குள் எங்கே என்று தேடுவது? தண்ணீர் தெளியட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்கிறார்.

உன்மேல் கோபமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. என்னை நம்பினாய். நம்பித்தான் இருட்டோடு படகை அனுப்பினாய். நான்தான் உன்னை நம்பாமல் முளை அடிக்கப் போயிருந்தேன். உனக்குப் புத்தி வராது என்று நினைத்திருந்தேன், வாயாடி.

கோழிகள் காலையிலிருந்து வாசலில் நிற்கின்றன. தீனி போட்டேன், தின்னவில்லை. அவள் அவற்றிடம் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

இதைப் படித்ததும் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காதே. இதே படகில் ஏறி வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. முனையைத் திரும்பும்போது ஊத வேண்டாம் என்று மட்டும் மீசைக்காரரிடம் சொல்லிவிடு.

அண்ணன்